பதினெட்டு மணி கோத்தவர்

ப்ளஸ் டூ-வில் கெமிஸ்ட்ரி படித்த யாருக்கும் ஃபிஷர் என்ற பெயர் புதிதாக இருக்காது. சர்க்கரை மூலக்கூறை நெட்டுக்குத்தாகக் கோடு போட்டு, வலப்பக்கம் எத்தனை, இடப்பக்கம் எத்தனை என்று மண்டையைக் குடைந்தோமே, அந்தப் படம் அவருடையதுதான். பரீட்சை முடிந்ததும் ஆளை மறந்துவிட்டோம்! ஆனால் இன்று ஆராய்ச்சிக்கூடங்களின் ஃப்ரீஸரில், சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பிகளில் வெள்ளைத் தூளாகத் தூங்கும் செயற்கைப் பெப்டைடுகளுக்கெல்லாம் பாட்டனார் அவர்.

எமில் ஃபிஷர் 1852 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியில், கொலோன் நகருக்கு அருகிலுள்ள ஆய்ஸ்கிர்ஷென் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி. ஒரே பையன் குடும்பத்து மரவியாபாரத்தைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பி உட்கார வைத்தார். பையனுக்கு அது ஒத்துவரவில்லை. சரி, வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன் படித்தாவது தொலையட்டும் என்று 1871-இல் பான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அடுத்த வருஷம் ஸ்ட்ராஸ்பர்க். அங்கே பேயர் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து 1874-இல் டாக்டர் பட்டம். நம்மில் பல பேருடைய வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதானே!

மறு ஆண்டே, 1875-இல், ஃபினைல் ஹைட்ரசின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். அதுதான் அவருக்கு வரமும் சாபமும். சர்க்கரைகள் பாகாக இழுபடும், லேசில் படிகமாகாது. இந்தப் பொருளோடு சேர்த்தால் அழகான மஞ்சள் படிகமாக வந்துவிடும். லேபில் ஓசசோன் சோதனை செய்தவர்களுக்கு அந்த மஞ்சள் ஞாபகம் இருக்கும். இதை வைத்துத்தான் 1891-இல் குளுக்கோஸின் அமைப்பை அவிழ்த்தார். அதே பொருள் ஒரு விஷம். ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும், தோலை அரிக்கும். வருஷக்கணக்கில் அதன் ஆவியிலேயே நின்று வேலை செய்த மனுஷனுக்கு தோலில் படை, வயிற்றுக்கோளாறு என்று உடம்பு கெட்டது. கையுறை, முகமூடி என்று யாரும் பேசாத காலம் அது.

1888-இல் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். ஏழே வருஷத்தில், மூன்று மகன்களை விட்டுவிட்டு அந்த அம்மாள் இறந்துபோனார். இதற்கிடையே 1892-இல் பெர்லின் பதவி. சர்க்கரைக்கும் பியூரின் ஆராய்ச்சிக்குமாக 1902-இல் நோபல் பரிசு. இன்னொருவராக இருந்தால் அதோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவர் அதற்கு முன்பே அடுத்த வேலையில் இறங்கிவிட்டார். புரதம்!

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு முனை: ஒன்று அமிலம், மற்றொன்று அமீன். ஒன்றின் அமில முனை அடுத்ததன் அமீன் முனையைப் பிடிக்க, ஒரு நீர் மூலக்கூறு கழன்றுவிடும். அந்தப் பிணைப்புதான் பெப்டைடு பிணைப்பு. 1902-இல் கார்ல்ஸ்பாட் நகரில் கூடிய மாநாட்டில் ஹோஃப்மைஸ்டரும் ஃபிஷரும் தனித்தனியாக, ஒரே நாளில் இந்தக் கருத்தைச் சொன்னார்கள். பெப்டைடு என்று பெயர் வைத்தவர் ஃபிஷர்.

சொல்வது சுலபம், கோப்பதுதான் கஷ்டம். இரண்டு மணிகளைக் குடுவையில் போட்டுச் சூடாக்கினால், எது எதைப் பிடிக்கும் என்று யார் கண்டது? ஒரு முனைக்கு மூடி போட்டால் மறுமுனை மட்டும் வேலை செய்யும். ஆனால் போட்ட மூடியைக் கழற்றினால் மாலையும் சேர்ந்து அறுந்தது. ஃபிஷர் குறுக்குவழி கண்டார். அமீன் இருக்க வேண்டிய இடத்தில் புரோமின் உள்ள அமிலக் குளோரைடை மாலையின் நுனியில் சேர்த்தார். பிறகு அம்மோனியாவை விட்டுப் புரோமினை விரட்டி, அங்கே அமீனை உட்கார வைத்தார். மறுபடி அடுத்த மணி. ஒவ்வொரு படியிலும் வடிகட்டு, கழுவு, படிகமாக்கு, உருகுநிலை பார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு கையைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

1901-இல் ஃபூர்னோவுடன் சேர்ந்து இரண்டு மணி. 1907-இல் பதினெட்டு! 15 கிளைசின், 3 லியூசின், மூலக்கூறு எடை 1213. செயற்கையாக அதுவரை யாரும் எட்டாத நீளம். லியூசின் விலை கையைக் கடித்தது. அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கென்னவோ அவருடைய வாழ்க்கையில் நோபலைவிட இந்தப் பதினெட்டுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

அவரிடம் குறையே இல்லை என்று எழுத மாட்டேன். அதே 1907-இல் லிசே மைட்னர் என்ற இளம் விஞ்ஞானி பெர்லினில் ஆராய்ச்சி செய்ய வந்தபோது, பெண்களுக்கு லேபில் இடமில்லை என்று கீழ்த்தளத்துத் தச்சுப்பட்டறையை மட்டும் கொடுத்தவர் இவர். அங்கே பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குத் திறந்த பிறகுதான் தடையை விலக்கினார். 1914-இல் ஜெர்மனியின் போரை ஆதரித்து 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையிலும் அவர் பெயர் உண்டு. அந்தப் போர்க்காலத்திலேயே மூன்று மகன்களில் இருவரைப் பறிகொடுத்தார். உடம்போ முன்பே நொந்தது, கடைசியில் புற்றுநோய். 1919 ஜூலை 15 அன்று காலமானார்.

அந்தக் கழற்றக்கூடிய மூடி 13 வருஷம் கழித்து வந்தது. கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பெர்க்மான், ஃபிஷரிடமே உதவியாளராக இருந்தவர்தான். ஸெர்வாஸுடன் சேர்ந்து 1932-இல் அவர் செய்த மூடி, ஹைட்ரஜனைக் காட்டினால் மாலைக்குச் சேதமில்லாமல் கழன்றுகொண்டது. 1953-இல் டு வினோ ஒன்பது மணிகள் கொண்ட ஆக்ஸிடோசின் ஹார்மோனை அப்படியே செய்துகாட்டினார். 1963-இல் அமெரிக்காவின் மெர்ரிஃபீல்டு முதல் மணியைப் பிசின் உருண்டையில் ஒட்டிவைத்து, மீதியை வரிசையாகக் கோத்தார். கழிவைக் கழுவி விட்டால் போதும், படிகமாக்கும் பாடு இல்லை. அப்புறம் அந்த வேலையை மெஷினே செய்யத் தொடங்கிவிட்டது.

மெஷின் வந்தாலும் ஆள் வேலை மிச்சம் இருக்கிறது. மாலையைப் பிசினிலிருந்து அறுக்க டிரைஃப்ளோரோ அசெட்டிக் அமிலம் விட வேண்டும். தோலில் பட்டால் வெந்துவிடும், ஆவியும் ஆகாது. ஆகவே ஃபியூம் ஹூடுக்குள்தான் வேலை. உறைய வைத்து உலர்த்திய தூளை ஃப்ரீஸரிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். அதனால் அறைச்சூட்டுக்கு வரும்வரை குப்பியை மூடியபடியே மேசைமேல் வைத்துக் காத்திருப்பார்கள்.