கைலாயத்துக்கு நடந்த அப்பர் திருவையாற்றில் கரையேறியது எப்படி?

இத்தாலியின் மலையூர்கள் வழியா, முதுகில் பையோடு ரோமுக்கு நடந்து போகிறவர்களின் ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். இங்கிலாந்தின் கேன்டர்பரியில் தொடங்கி சியன்னா போன்ற ஊர்களைத் தாண்டி ரோம் வரை போகும் அந்தப் பாதை சுமார் 2,000 கி.மீ. ரோமுக்குப் போய்விட்டு 990-ல் ஊர் திரும்பிய பேராயர் சிகெரிக், வழியில் தங்கிய இடங்களின் பட்டியல்தான் அதற்கு அடிப்படை.

அதற்கும் 300 வருஷத்துக்கு மேல் முன்னால், நம்ம பக்கத்தில் ஒருவர் வாழ்நாள் முழுக்க நடந்தார். பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் வழியா தண்ணீர் தரும் தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அங்கிருந்து பண்ருட்டி வரைக்கும் அவர் கதை நடந்த மண்தான். அவர் திருநாவுக்கரசர் என்கிற அப்பர். 7-ஆம் நூற்றாண்டுக்காரர்.

யார் இவர்?

பண்ருட்டி பக்கம் திருவாமூரில் பிறந்தவர். இயற்பெயர் மருள்நீக்கியார். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்துபோனார். உயிரை விட நினைத்த அக்கா, தம்பி தனியாகிவிடுவான் என்பதற்காக மட்டும் வாழ முடிவு செய்தார்.

அந்தத் தம்பிதான் பிறகு சமணத்தில் சேர்ந்து, திருப்பாதிரிப்புலியூர் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளானார். இன்றைக்கு அது கடலூர் நகரின் ஒரு பகுதி. அப்போது பெரிய படிப்பு மையம். லோகவிபாகம் என்ற சமண நூல் கி.பி. 458-ல் பாடலிகா என்ற ஊரில் எழுதப்பட்டது. அந்த ஊர் இதுதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

திருப்பம் எங்கே?

வயிற்றில். தீராத சூலை நோய் வந்தது. மடத்தில் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, திருவதிகையில் சிவத்தொண்டு செய்துகொண்டிருந்த அக்காவிடம் போனார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அங்கே பாடினார், வலி போனது. நாவுக்கரசர் என்ற பெயரும் அங்கேதான் கிடைத்தது.

மதம் மாறியதால் பல்லவ மன்னன் தண்டித்தான். சுண்ணாம்புக் காளவாய், விஷம், யானை எல்லாவற்றிலும் தப்பினார். கடைசியில் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். கல்லே தெப்பமாகி, திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கரை சேர்ந்தார். தருமசேனராகப் பேர் வாங்கிய அதே ஊர்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். இந்தக் கதைகளை விரிவாகச் சொல்வது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். அப்பருக்குச் சுமார் 500 வருஷம் பிந்திய சைவ நூல். சமணர்கள் தரப்புக் கதை அதில் கிடையாது.

எப்படி நடந்தார்?

சிதம்பரம், சீர்காழி, திருவாரூர், வேதாரண்யம், காஞ்சிபுரம், காளத்தி என்று ஊர் ஊராகப் போனார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இன்று கையில் இருக்கின்றன. சீர்காழியில் சிறுவர் ஞானசம்பந்தர் கூப்பிட்ட அப்பர் என்ற பெயரே நிலைத்தது.

அவர் கையில் எப்போதும் இருந்தது உழவாரம். புல் செதுக்கும் சின்னக் கருவி. எந்தக் கோயிலுக்குப் போனாலும் வெளிப்பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்குவார், வழியைச் சுத்தம் செய்வார்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்ததாம். சம்பந்தர் காசை மாற்ற வட்டம் பிடித்தார்கள். அப்பர் காசு முழு மதிப்புக்குப் போனது. காரணம், அப்பர் பாடியதோடு நிற்காமல் உடம்பாலும் உழைத்தவர் என்கிறது புராணம்.

கைலாயம் போனாரா?

வயதான பிறகு வடக்கே கிளம்பினார். காளத்தி, ஸ்ரீசைலம், காசி. காசியில் கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாக நடந்தார். பாதம் தேய்ந்ததும் கைகளால் ஊர்ந்தார். கையும் தேய்ந்ததும் மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமல் புரண்டார். கடைசியில் அசையவே முடியவில்லை.

முனிவர் உருவில் வந்த சிவன், மனித உடம்போடு கைலாயம் போக முடியாது, திரும்பிப் போ என்றார். அப்பர் மறுத்தார். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த குளத்தில் மூழ்கச் சொன்னார். மூழ்கினார், எழுந்தார். எழுந்த இடம் காவிரிக்கரைத் திருவையாறு!

அங்கே யானை, கோழி, குயில் என்று கண்ணில் பட்டதெல்லாம் ஜோடி ஜோடியாக வந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் அம்மையப்பரைப் பார்த்தார். இதை இன்றும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி என்று கொண்டாடுகிறார்கள்.

வரைபடத்தின்படி பார்த்தால் அவர் கைலாயத்தை எட்டவில்லை. தேடிப்போனது கிடைத்தது சொந்த மண்ணில்தான். ஆனால் அவ்வளவு தூரம் நடக்காமல் இருந்திருந்தால், யானையும் கோழியும் அவர் கண்ணுக்கு வெறும் யானையும் கோழியுமாகத்தான் இருந்திருக்கும்.

கடைசி நாட்கள்

81 வயதில், சித்திரை சதய நாளில் திருப்புகலூரில் இறைவனோடு கலந்தார் என்பது மரபு. அதற்கு முன்னால் அங்கே புல் செதுக்கும்போது மண்ணிலிருந்து பொன்னும் மணியும் வந்தனவாம். கல்லைப் போலவே அவற்றையும் உழவாரத்தால் அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இப்போதும் லீவு நாளில் கோயில்களில் புல் பிடுங்கி, சுவர் துடைக்கும் இளைஞர் குழுக்கள் செய்வதற்குப் பெயர் உழவாரப் பணி. பாகூரிலிருந்து பைக் எடுத்தால் திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, திருவாமூர் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நடந்துதான் போவேன் என்றால், ஒரு ஊரிலாவது நின்று கொஞ்சம் புல் பிடுங்கிவிட்டு வாங்க.