பூட்டு செய்பவரின் மகன்

குழந்தைகளே! ரேடியோ ரிப்பேர் கடையில் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும்போது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே நெல்மணி போலச் சின்னச் சின்ன உருளைகள் இருக்கும். அவற்றின்மேல் சிவப்பு, பழுப்பு, மஞ்சள் என்று வண்ண வளையங்கள் போட்டிருக்கும். அவைதான் மின்தடைகள். கடைக்காரர் அவற்றை ரெசிஸ்டர் என்பார். அந்த உருளை எத்தனை ஓம் தடை கொண்டது என்பதை வண்ணங்களே சொல்லிவிடும்.

ஓம் என்றதும் கோயில் நினைவுக்கு வருகிறதா? இது அந்த ஓம் அல்ல. ஒரு மனிதரின் பெயர். அவர்தான் ஜார்ஜ் சைமன் ஓம். வகுப்பில் ஓம் விதியை நடத்தும்போது பிள்ளைகள் அதை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்று சொன்னால் கண்களை அகல விரிப்பார்கள். அந்த விதிக்காக அவர் என்ன பாடுபட்டார் தெரியுமா?

அப்பாவே ஆசிரியர்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் ஜார்ஜ் பிறந்தான். அப்பா பூட்டும் சாவியும் செய்யும் தொழிலாளி. அம்மா ஒரு தையற்காரரின் மகள். அந்த வீட்டில் ஏழு குழந்தைகள் பிறந்தும் மூன்று பேரே பிழைத்தார்கள். ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது அம்மாவும் இறந்துபோனார்.

அப்பா அதிகம் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனால் தானே புத்தகங்களைப் படித்துக் கணிதமும் அறிவியலும் கற்றவர். தான் கற்றதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவருடைய பட்டறையில் உலோகத்தை அறுக்கவும் அராவவும் ஜார்ஜ் பழகிக்கொண்டான். இந்தக் கைவேலை பிற்காலத்தில் அவனுக்குப் பெரிதும் கைகொடுத்தது.

1805-இல், பதினாறு வயதில் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். சேர்ந்ததும் என்ன ஆயிற்று? நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுது போயிற்று! அப்பாவுக்குக் கடுமையான கோபம். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்தால் இப்படியா என்று மனம் நொந்தார். படிப்பை நிறுத்திவிட்டு மகனை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளியில் பதினேழு வயது ஜார்ஜ் கணித ஆசிரியர் ஆனான்.

அந்த அயலூரில்தான் அவன் திருந்தினான். பெரிய கணித மேதைகளின் நூல்களைத் தானே வாங்கிப் படித்தான். 1811-இல் எர்லாங்கனுக்குத் திரும்பி வந்து டாக்டர் பட்டம் பெற்றான். இனி நாமும் அவரை மரியாதையாக ஓம் என்றே அழைப்போம்.

டாக்டர் பட்டம் இருந்தும் நல்ல வேலை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். வருமானம் போதவில்லை. பிறகு பாம்பெர்க் நகரில் ஒரு சிறு பள்ளியில் வேலை பார்த்தார். 1816-இல் அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கொலோன் நகரிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்கு ஒரு புதையல் காத்திருந்தது. ஆம், நல்ல கருவிகள் கொண்ட அறிவியல் ஆய்வகம்!

அவசரத்தில் ஒரு தவறு

1820-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் ஒரு புதுமையைக் கண்டார். கம்பியில் மின்சாரம் ஓடினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்புகிறது! ஊசி அதிகம் திரும்பினால் அதிக மின்சாரம், குறைவாகத் திரும்பினால் குறைந்த மின்சாரம். அப்படியானால் மின்னோட்டத்தை அளக்க ஒரு வழி கிடைத்துவிட்டது அல்லவா?

ஓம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரே மின்கலம், ஆனால் வேறு வேறு நீளமுள்ள கம்பிகள். கம்பி நீளமானால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது? பகலில் பாடம் நடத்திவிட்டு, மற்ற நேரமெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்தார்.

1825-இல் தம் முடிவை ஒரு கணக்குச் சூத்திரமாக எழுதி வெளியிட்டார். அந்தச் சூத்திரம் தவறாகப் போயிற்று!

ஏன் தெரியுமா? குற்றம் மின்கலத்தில் இருந்தது. அந்தக் கால மின்கலம் நிலையாக வேலை செய்யாது. இணைத்தவுடன் மின்சாரம் வேகமாகப் பாயும். சிறிது நேரத்தில் தகடுகளின்மேல் வாயுக் குமிழ்கள் படிந்து, மின்சாரம் குறைந்துவிடும். தராசே ஆடிக்கொண்டிருந்தால் காய்கறியை எப்படிச் சரியாக நிறுக்க முடியும்?

ஓம் மனம் தளரவில்லை. போகெண்டார்ஃப் என்ற அறிஞர் அவருக்கு ஒரு நல்ல யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டுவிட்டு வெப்பத்தால் மின்சாரம் எடுக்கலாமே என்பதுதான் அது. இரண்டு வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் உண்டாகும். சீபெக் என்பவர் 1821-இல் கண்ட உண்மை இது.

ஓம் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்தார். ஒரு முனையைக் கொதிக்கும் நீரில் வைத்தார். மறுமுனையைப் பனிக்கட்டியில் வைத்தார். தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதன் வெப்பநிலை ஏறாது. பனிக்கட்டியும் உருகி முடியும்வரை ஒரே குளிர்ச்சியில்தான் இருக்கும். ஆகவே மின்சாரமும் ஏறாமல் இறங்காமல் நிலையாக வந்தது. எவ்வளவு எளிய வழி பாருங்கள்!

பிறகு 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்தார். காந்த ஊசியை ஒரு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, அதன் திருப்பத்தை நுட்பமாக அளந்தார். இந்த முறை கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. 1826-இல் தம் பழைய தவற்றைத் தாமே திருத்திச் சரியான விதியை வெளியிட்டார்.

விதி என்ன சொல்கிறது?

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே குழாய். தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும். குழாய் ஒல்லியாகவோ மிக நீளமாகவோ இருந்தால் தண்ணீர் குறைவாக வரும். மின்சாரமும் கிட்டத்தட்ட இப்படித்தான். தொட்டியின் உயரம் போன்றது மின்னழுத்தம். அதை வோல்ட் என்ற அலகால் அளக்கிறோம். ஓடும் தண்ணீர் போன்றது மின்னோட்டம். அதை ஆம்பியரால் அளக்கிறோம். குழாய் தரும் தடங்கல் போன்றது மின்தடை. அதன் அலகுதான் ஓம்.

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. இதுதான் ஓம் விதி.

12 வோல்ட் பேட்டரியுடன் 6 ஓம் தடையுள்ள கம்பியை இணைத்தால் 2 ஆம்பியர் மின்சாரம் ஓடும். அதே கம்பியை இரண்டு மடங்கு நீளமாக்கினால் தடை 12 ஓம் ஆகும். மின்சாரம் 1 ஆம்பியராகக் குறையும். வெப்பநிலை மாறாமல் இருந்தால் உலோகக் கம்பிகள் இந்த விதிக்குக் கட்டுப்படும். டையோடு, எல்.இ.டி. போன்றவை இதற்கு அடங்காத பிள்ளைகள்!

வேலையை விட்டார்

ஓம் பாதிச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போனார். அங்கே தம்பி மார்ட்டின் வீட்டில் தங்கி, எல்லாவற்றையும் கணித முறைப்படி விளக்கி ஒரு நூல் எழுதினார். 1827-இல் அது வெளிவந்தது. இனிமேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று நம்பினார்.

கிடைத்தது பாராட்டல்ல, ஏளனம்தான். இயற்கையைக் கணக்குப் போட்டு விளக்குவது அங்கிருந்த பலருக்குப் பிடிக்கவில்லை. நூல் முழுவதும் கணிதமாக இருந்ததால் பலருக்குப் புரியவும் இல்லை.

மனம் புண்பட்ட ஓம் 1828-இல் கொலோன் பள்ளி வேலையை விட்டு விலகினார். அருமையான அந்த ஆய்வகமும் கைவிட்டுப் போயிற்று. பெர்லினில் கிடைத்த பகுதிநேர ஆசிரியர் வேலைகளைச் செய்து பிழைத்தார். 1833-இல்தான் நூரெம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் நிலையான வேலை கிடைத்தது. ஆனால் ஒன்று, தம் விதி தவறு என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. 1825-இல் தவறு தம்முடையது என்று தெரிந்ததும் உடனே திருத்தியவர், இப்போது உண்மை தம் பக்கம் இருப்பதையும் அறிந்திருந்தார்.

காலம் கனிந்தது. வெளிநாட்டு அறிஞர்கள் ஓம் விதியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அது சரியாகவே வந்தது. 1841-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி தன் உயரிய காப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன! பிறகுதான் சொந்த நாடும் விழித்துக்கொண்டது. 1849-இல் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852-இல், அறுபத்து மூன்று வயதில், அவர் ஆசைப்பட்ட இயற்பியல் பேராசிரியர் பதவி வந்து சேர்ந்தது. அதை இரண்டே ஆண்டுகள்தான் அவரால் வகிக்க முடிந்தது. 1854-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அவர் மறைந்தார்.

1881-இல் பாரிஸ் நகரில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. பேராசிரியர் பதவிக்காக ஏங்கிய அந்த ஆசிரியரின் பெயர் இன்று உலகத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஒலிக்கிறது.

குழந்தைகளே! தவறு செய்தால் திருத்திக்கொள்ளுங்கள். சரியாகச் செய்திருந்தால், பிறர் ஏளனத்துக்கு அஞ்சாதீர்கள். ஓம் வாழ்ந்து காட்டிய இன்னொரு விதி இது!

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் உதவியோடு ஒரு பென்சிலை நீளவாக்கில் பிளந்து கரிக்குச்சியை முழுதாக எடுங்கள். இரண்டு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, கம்பித் துண்டுகள் வேண்டும். பல்பு எரியும் சுற்றின் நடுவே கரிக்குச்சியை இணையுங்கள். கம்பியின் முனையைக் குச்சியின்மேல் மெல்ல நகர்த்துங்கள். இடைவெளி கூடினால் பல்பு மங்கும். குறைந்தால் பிரகாசிக்கும். ஏன் என்று உங்களுக்கே தெரியும்! டார்ச் செல்லில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வீட்டு மின்சாரப் பிளக்கின் பக்கமே போகக் கூடாது.