எழுத்தறிவித்த அறிஞர் சித்திலெவ்வை

இலங்கையின் மலைநாட்டுத் தலைநகராம் கண்டியில், 1838-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் பிறந்தவர் முகம்மது காசிம் சித்திலெவ்வை அவர்கள். வழக்கறிஞர், பத்திராதிபர், நாவலாசிரியர் என்று அன்னாரைப் பலவாறு போற்றுவர். ஆயினும் வணிக மக்களாகிய நாம் அவரை நினைக்க வேண்டிய காரணம் வேறொன்று உண்டு. ஓதக் கற்ற பிள்ளை படிக்கவும் எழுதவும் கற்க வேண்டும், அதற்கு ஏற்ற புத்தகமும் பள்ளிக்கூடமும் நம்மிடமே இருக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். சொன்னதோடு நில்லாமல் அதற்காகத் தம் தொழிலையும் பொருளையும் கொடுத்தார்.

அன்னாரின் தந்தையும் ஒரு வழக்கறிஞரே. அரபும் தமிழும் கற்றுப் பின் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்ற சித்திலெவ்வை அவர்கள், 1862-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் தொழிலில் புகுந்தார்கள். கண்டி அப்போது காப்பித் தோட்டங்களால் செழித்திருந்த நகரம். வருமானத்துக்கும் மதிப்புக்கும் குறைவில்லை. நகரசபை அங்கத்தினர் பதவியும் நீதிபதி ஸ்தானமும் அன்னாரைத் தேடி வந்தன. இவ்வளவு இருந்தும் மனம் நிறையவில்லை. படிக்கத் தெரியாதவன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் என்ன நேரும் என்பதை ஒரு வழக்கறிஞருக்கு வேறொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா?

அன்றைய நிலை

நம்மவர்கள் எழுத்தே அறியாத மக்களாய் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளைகள் ஓதும் பள்ளியில் அரபு எழுத்தைக் கற்றார்கள். அந்த எழுத்தைக் கொண்டே தமிழை எழுதும் அரபுத் தமிழ், வீடுகளில் பெண்களிடம்கூட வழங்கிவந்தது. ஆனால் ஊரும் உலகமும் நடக்கும் பாஷைகளைப் படிக்கும் வாய்ப்பு பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை.

அரசாங்க உதவி பெற்ற பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் என்னாகுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நாம் குறை கூற மாட்டோம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரும் இதே கவலையால்தான் 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் நிறுவி, பாலபாடங்களும் எழுதி அச்சிட்டார். வட இந்தியாவில் சர் சையித் அகமது கான் 1875-இல் அலிகாரில் கல்விக்கூடம் தொடங்கினார். கொழும்பில் பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரி 1886-இல் தோன்றியது. ஒவ்வொரு சமுதாயமும் தன் பிள்ளைகளுக்கென்று வழி தேடிய காலம் அது. நம்மவர்களோ அஞ்சியதோடு நின்றுவிட்டார்கள். பிள்ளையை அங்கே அனுப்பவுமில்லை, இங்கே ஒன்றைக் கட்டவுமில்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே சித்திலெவ்வை அவர்கள் முன்வந்தார்கள்.

புத்தகமும் பத்திரிகையும்

அன்னார் செய்த பணிகளின் ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்கென்றே தமிழிலும் அரபிலும் பாடப் புத்தகங்கள் எழுதினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு, தன் வீட்டில் கேட்டுப் பழகிய சொல் புத்தகத்திலும் வந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். அறியாத எழுத்தையும் அறியாத பொருளையும் ஒருசேர அதன் தலையில் ஏற்றினால் அது புத்தகத்தை மூடிவிடும்.

படிக்கக் கற்றபின் படிப்பதற்கு ஏதேனும் வேண்டுமே! பழக்கமில்லாத எழுத்து சில ஆண்டுகளில் மறந்துபோகும். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வாரப் பத்திரிகையை அன்னார் தொடங்கினார்கள். உலகச் செய்திகளும் கல்வியின் அவசியமும் வாரந்தோறும் நம் மக்களைத் தேடி வந்தன. 1885-இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார்கள். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து அப்போது 6 ஆண்டுகளே ஆகியிருந்தன. இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் அதுவே. எகிப்தில் பிறந்து பம்பாயில் வளரும் ஒரு வாலிபனின் கதை அது.

பள்ளிக்கூடங்கள்

எகிப்தில் அன்னிய ஆதிக்கத்தை எதிர்த்துத் தோல்வியுற்ற அராபி பாஷா 1883-ஆம் ஆண்டு ஜனவரியில் கைதியாக இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவரும் சித்திலெவ்வை அவர்களும் நண்பரானார்கள். நம் பிள்ளைகள் மார்க்கத்தோடு ஆங்கிலமும் கற்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே கருத்தினர். 1884-இல் கொழும்பில் அன்னார் தொடங்கிய பள்ளிக்கூடம் போதிய ஆதரவின்றி நலிந்தது. ஆங்கிலப் படிப்பே தகாதென்று எதிர்த்தவர்களும் உண்டு. அன்னார் சோர்ந்துவிடவில்லை. எழுதியும் பேசியும் மக்களின் மனத்தை மெல்ல மெல்ல மாற்றினார்கள்.

அதன் பயனாக 1892-ஆம் ஆண்டு மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் ஸாஹிராக் கல்விக்கூடம் உதயமாயிற்று. இங்கே வாப்பிச்சி மரைக்கார் அவர்களின் பெயரை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய கட்டட ஒப்பந்தக்காரர் அவர். சித்திலெவ்வை அவர்கள் விதைத்த எண்ணத்துக்கு அந்த வணிகர் கல்லும் சுண்ணாம்பும் கொடுத்தார். அறிஞர் ஒருவரும் கொடையாளர் ஒருவரும் கூடியதால் உண்டான பள்ளிக்கூடம், 1921-இல் டி.பி. ஜாயா அவர்கள் அதிபராக வந்தபின் பெரும் புகழ் பெற்று, இன்றும் நடந்துவருகிறது.

பெண் பிள்ளைகளையும் அன்னார் மறக்கவில்லை. கண்டியில் அவர்களுக்கெனப் பள்ளிக்கூடம் திறந்து, கற்பிக்கும் பொறுப்பைத் தம் சகோதரியாரிடமே ஒப்படைத்தார்கள். பிறர் வீட்டுப் பெண்களுக்குப் புத்தி சொல்லுமுன் தம் வீட்டிலிருந்தே தொடங்கியது எவ்வளவு பொருத்தம்! தாய் படித்திருந்தால் பிள்ளைக்கு முதற் பள்ளிக்கூடம் அடுப்பங்கரையிலேயே ஆரம்பமாகிவிடும். கம்பளை, மாத்தளை, குருநாகல் போன்ற ஊர்களிலும் பள்ளிக்கூடங்கள் எழ அன்னார் பாடுபட்டார்கள்.

தொழிலைத் துறந்து, சொந்தப் பணத்தைச் செலவழித்து உழைத்த அப்பெரியார், 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் தமது 59-ஆம் வயதில் கண்டியில் காலமானார்கள். இலங்கை அரசு 1977-இல் அன்னாரின் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

நமக்கு என்ன?

கிள்ளானுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையே காப்பாரில் கடை நடத்தும் நமக்கு, கண்டியில் வாழ்ந்தவரின் வரலாறு எதற்கென்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத குறை இன்று இல்லை. மலாயும் ஆங்கிலமும் நன்றாகவே படிக்கிறார்கள். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ்ப் பத்திரிகையின் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிப்பார்கள்? ஊரிலிருந்து பாட்டனார் எழுதிய பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தால் பேரன் படிப்பானா? ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்.

வழியில்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தேசியப் பள்ளியில் சேர்த்திருந்தாலும், 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. காப்பார் வட்டாரத்தில் நம் கடைக்காரர்களும் அவர்களின் உறவினர்களும் சேர்ந்தால் 15 பிள்ளைகள் கிடைக்காமல் போவார்களா? கேட்பதற்குத்தான் நாம் ஒன்றுகூட வேண்டும்.

மற்றது வீட்டில் ஆக வேண்டிய காரியம். கடையடைத்து வந்தபின் கால்மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறும் இடத்தில் கோபிக்காமல் சொல்லிக் கொடுங்கள். நாள்தோறும் கணக்குப் பார்க்கும் நமக்கு, சிறுகச் சேர்ந்த முதல் எப்படிப் பெருகும் என்பது தெரியாததன்று. சித்திலெவ்வை அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவே.