பிரித்துப் பார்த்தே மேதையான ஜி.டி.நாயுடு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ், ஜவ்வாது மலையில் ஏறத் தொடங்கியதும் டிரைவரின் இடது காலுக்கு வேலை அதிகமாகிவிடும். வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கிளட்சை மிதிக்க வேண்டும்.

கிளட்ச் என்றால் என்ன?

என்ஜின் ஓயாமல் சுற்றுகிறது. சக்கரமோ சில சமயம் ஓட வேண்டும். சில சமயம் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்து, வேண்டும்போது சேர்த்தும், வேண்டாதபோது பிரித்தும் வைப்பதுதான் கிளட்ச். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஒரு கையைத் திருப்பினால், மறு கையும் கூடவே திரும்பும். அழுத்தத்தை விட்டால் ஒரு கை மட்டும் திரும்பும். கிளட்சின் ரகசியம் அவ்வளவுதான்.

உரசும் பொருள் தேயும். கிளட்சு தேய்ந்தால் வண்டி வழியில் நின்றுவிடும். மெக்கானிக்குகளே அபூர்வமாக இருந்த காலத்தில், ஒரு பஸ் முதலாளி இந்தக் கவலையைச் சமாளித்து, நூற்றுக்கணக்கான பஸ்களை ஓட்டினார். அவர் எந்த என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர் அல்ல.

அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை

கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். பெயர் துரைசாமி. தந்தை கோபால்சாமி, விவசாயி. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார்.

துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. படிப்பு பாதியிலேயே நின்றது. ஆனால் கண்ணில் பட்டதை எல்லாம் ஏன், எப்படி என்று துருவிப் பார்க்கும் குணம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி! அதைப் பார்த்தது முதல் அவருக்கு வேறு நினைவே இல்லை. அதுபோல ஒன்றை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

கையில் காசு இல்லை. கோவைக்குப் போய் ஓர் ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். கடைசியில் அந்த அதிகாரியிடமிருந்தே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வேறு யாராக இருந்தாலும் அதில் ஏறி ஊர் சுற்றி இருப்பார்கள். துரைசாமி அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துப் பார்த்தார். எது எதோடு சேர்கிறது, எது தேய்கிறது என்று தெரிந்துகொண்டார். பிறகு பழையபடி பூட்டினார். அந்த மோட்டார் சைக்கிள்தான் அவருக்குப் பாடப் புத்தகம்.

ஒரே ஒரு பஸ்

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் வரை போனார். நஷ்டம் அடைந்து ஊர் திரும்பினார். ஆனாலும் மனம் தளரவில்லை.

கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கடன் கொடுத்து உதவினார். 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதை ஓட்டினார்.

ஒரே ஒரு பஸ். அது ஓடினால்தான் வருமானம். நின்றால் கடன் ஏறும்.

அந்தக் காலத்தில் பல வண்டிகளின் கிளட்சில் தோல்தான் பொருத்தப்பட்டிருந்தது. தோல் காய்ந்தால் வண்டி உதறும். எண்ணெய் பட்டால் வழுக்கும். பின்னால்தான் ஆஸ்பெஸ்டாஸ் பொருத்திய தட்டு பரவலாக வந்தது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. பழைய வண்டியின் கிளட்சைத் திறக்கும்போது தூசியை வாயாலோ, காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது.

ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. யு.எம்.எஸ். என்ற கம்பெனி வளர்ந்தது. குறித்த நேரத்தில் பஸ் புறப்படும் என்று பெயர் வாங்கியது. மேலே பார்த்தால் இது டிரைவர், கண்டக்டர்களின் சாமர்த்தியமாகத் தெரியும். அடியில் இருப்பது பட்டறை! பட்டறையில் அரைகுறையாக வேலை நடந்தால், எந்தக் கால அட்டவணையும் நிலைக்காது.

ஒன்றுக்காகத் திறந்தால்...

இதற்குக் கிளட்ச் வேலையே நல்ல உதாரணம்.

கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டுமானால், பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். கஷ்டமும் கூலியும் அதில்தான். பிளேட்டை மட்டும் மாற்றிப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்? பக்கத்தில் இருக்கும் பழைய பாகம் ஒன்று சில மாதங்களில் கெடும். மறுபடியும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கூலி இரட்டிப்பு!

எனவே அனுபவசாலியான மெக்கானிக், பிளேட்டுடன் பிரஷர் பிளேட்டையும் மாற்றிவிடுவார். பிளேட்டை அழுத்திப் பிடிப்பது அதுதான். மிதிக்கும்போதெல்லாம் உழைக்கும் ரிலீஸ் பேரிங்கையும் புதிதாகப் போடுவார். கிராங்க் ஷாஃப்ட் நுனியில் பைலட் பேரிங் இருந்தால் அதையும் கவனிப்பார். பிளைவீலின் முகம் கீறியோ, சூட்டில் நீலம் பாய்ந்தோ இருந்தால், லேத்தில் கடைந்து சரிசெய்வார். கடைய முடியாத வகை என்றால் மாற்றுவார்.

முக்கியமானது ஆயில் சீல். என்ஜினின் பின்பக்கத்துச் சீல் கசிந்தால், எண்ணெய் சொட்டிப் புதுப் பிளேட்டே பாழாகிவிடும். சீல் சின்னப் பொருள், விலையும் குறைவு. அதை விட்டால் வரும் நஷ்டமோ பெரிது.

கிளட்சைத் தள்ளும் போர்க், அதன் புஷ், கேபிள் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பந்தயக் கார், வேகக் கார்களில் என்ஜினின் பலம் அதிகம். அழுத்தும் ஸ்பிரிங்கும் கடினமானது. அவற்றில் பிளைவீல் போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு, சொன்ன அளவுக்கு முறுக்குவது நல்லது. மறுபடியும் பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகளும் உண்டு.

திறந்தபோது முழுவதும் பார் என்பதே இதன் பாடம். வாலிப வயதில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட துரைசாமி செய்ததும் அதுதான்.

2 ஆயிரம் ரூபாய்க் கார்

நாயுடுவின் மூளை பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார்களில் அதுவும் ஒன்று. "ரசந்த்" என்ற மின்சார ஷேவிங் ரேஸர் செய்தார். ஏழைகளும் வாங்கும் விலையில் ரேடியோ செய்தார்.

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்! சாதாரணக் குடும்பமும் காரில் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அதைத் தயாரித்து விற்க சர்க்காரின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் கனவாகவே போயிற்று. தேய்ந்த பாகத்தை அவரால் மாற்ற முடிந்தது. சட்டத்தை மாற்ற முடியவில்லை.

கை வேலையே கல்வி

தாம் பட்ட கஷ்டம் இளைஞர்கள் படக் கூடாது என்று எண்ணினார். கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும், 1945-ல் தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்ற அவரே காரணம். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

நான்கு வருஷப் படிப்பு தேவை இல்லை, கருவியைக் கையில் கொடுத்தால் இரண்டே வருஷம் போதும் என்பது அவர் கொள்கை. சர்க்கார் அதை ஏற்கவில்லை. நாயுடு கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரைச் சொல்லும் கண்காட்சியும், பழைய கார்களின் அருங்காட்சியகமும் இருக்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். வீட்டில் பிள்ளை ஒரு பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால், உடனே அடிக்கக் கை ஓங்க வேண்டாம். மறுபடியும் பூட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு பாகம் கூட மிஞ்சாமல் பூட்டிவிட்டால், அவன் தொழில் கற்கத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம்.