கைவிளக்கும் கணக்கேடும்

நோயுற்றோரின் அருகிருந்து பணிவிடை செய்வது ஒரு தொண்டு. அத்தொண்டைப் பிறருக்குக் கற்பிப்பது மற்றொரு தொண்டு. மரணம் ஏன் மிகுந்தது என ஆராய்ந்து, மேலும் வராமல் தடுப்பது மூன்றாவது தொண்டு. இம்மூன்றையும் ஒரே பிறவியில் ஆற்றியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கைவிளக்கேந்திய காரிகை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. விளக்கோடு ஒரு கணக்கேட்டையும் அவர் ஏந்தியிருந்தார் என்பதைப் பலர் அறியார்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செல்வமிக்க ஆங்கிலக் குடும்பத்திற் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. தந்தையாரிடமே கல்வி பயின்றார். கணிதத்தில் அளவிலா ஆர்வங் கொண்டார். அந்நாளில் இங்கிலாந்தில் தாதித் தொழில் இழிவாகக் கருதப்பட்டது. மகளின் விருப்பத்தைப் பெற்றோர் பல்லாண்டுகள் தடுத்தனர். அம்மையாரோ திருமணத்தையும் மறுத்து, தம் உறுதியில் நின்றார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்திற் பயிற்சி பெற்றார்; 1853இல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான நிலையமொன்றின் தலைவியானார்.

1854இல் பிரித்தானியா கிரிமியா யுத்தத்தில் இறங்கியது. அவ்வாண்டு நவம்பரில், 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ ஆஸ்பத்திரியை அம்மையார் அடைந்தார். அங்கே படுக்கை இல்லை; மாற்றுத் துணி இல்லை; போதிய உணவும் இல்லை. அவர் சமையலறையைத் திருத்தினார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். இரவெல்லாம் விளக்கோடு படுக்கை படுக்கையாகச் சென்று ஆறுதல் அளித்தார். ஆயினும் 1855 மாசி மாதத்தில், அங்கு சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர்வரை மாண்டனர். காரணம் கட்டடத்தின் கீழே இருந்தது. ஆஸ்பத்திரி கழிவுக் கால்வாய்களின் மேலே நின்றது. பங்குனியில் வந்த சுகாதாரக் குழுவினர் அவற்றைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழி செய்தபின் மரணங்கள் வேகமாகக் குறைந்தன.

நாடு திரும்பியபோது மக்கள் அவரைத் தெய்வமெனக் கொண்டாடினர். அம்மையார் புகழில் மகிழவில்லை. வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞரோடு அமர்ந்து, மாண்டோரின் கணக்கை ஆராய்ந்தார். போர்க் காயத்தால் இறந்தோரைவிட, தடுக்கக்கூடிய நோயால் இறந்தோரே மிகப் பலர் எனக் கண்டார். தாம் பணிபுரிந்த ஆஸ்பத்திரியின் பழியும் அக்கணக்கில் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. எண்களைப் படிக்கப் பொறுமையற்ற அதிகாரிகளும் காணும்படி, வண்ண வட்டப் படங்களாக 1858இல் வெளியிட்டார். அவ்வாண்டே லண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரை முதற் பெண் உறுப்பினராக ஏற்றது.

மக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு, 1860இல் லண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிப் பாடசாலையை நிறுவினார். அதில் தேறியோர் பல தேசங்களிலும் தாதியர் தலைவியராகி, இத்தொழிலை மதிப்புக்குரியதாக்கினர்.

1857 முதல் அம்மையார் பெரும்பாலும் நோய்ப் படுக்கையிலேயே இருந்தார். எழுதுகோல் மட்டும் ஓயவில்லை. இந்தியாவில் அவர் காலடி வைத்ததேயில்லை. எனினும் அங்குள்ள படைமுகாம்களின் அறிக்கைகளை வரவழைத்து ஆராய்ந்தார். ஆயிரம் பிரித்தானியப் படைவீரருக்கு ஆண்டுக்கு 69 ஆக இருந்த மரணம், சீர்திருத்தங்களின்பின் 18 ஆகக் குறைந்ததை 1873இல் எடுத்துக்காட்டினார். 1863இல், இலங்கை உட்படக் குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுதேசிகளின் உடல்நிலையையும் ஆராய்ந்து எழுதினார். நோய் தொற்றிப் பரவுகிறது என்னும் கருத்தை ஏற்க அவர் நெடுங்காலம் தயங்கியது குறையே. ஆனால் துப்புரவை அவர் வற்புறுத்தியதால் உயிர்கள் பிழைத்தன.

மாத்தளை வாழ் நாம் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அம்மையார் படைவீரரின் மரணத்தைக் கணக்கிட்ட அதே காலத்தில், நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னார்க் கரையிலிருந்து காடு கடந்து, தம்புள்ளை வழியாக இவ்வூருக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியும் அம்மை நோயும் காய்ச்சலும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. மாண்டோர் எத்தனை பேர் என்பதில் இன்றும் வாதப் பிரதிவாதம் உண்டு. ஏனெனில் அவர்களை ஒவ்வொருவராக எண்ணி எழுத, அன்று ஓர் அம்மையார் இருக்கவில்லை. தப்பி வந்தோரின் சந்ததியினர் இன்று முத்துமாரியம்மனின் தேர்வடம் பிடிக்கின்றனர். வழியில் வீழ்ந்தோருக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

1907இல் பிரித்தானிய அரசின் மேன்மை விருதைப் பெற்ற முதற் பெண்மணியாகிய அம்மையார், 1910 ஆவணி 13ஆம் திகதி, 90ஆவது வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாளே உலகத் தாதியர் தினமாகும்.

இளைஞர்களே! கண்ணீர் சிந்துவது இரக்கம். கண்ணீருக்குக் காரணம் தேடுவதே தொண்டு. நோயாளியின் கையைப் பற்றுங்கள். அத்தோடு, அவர் பருகிய நீர் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எண்ணப்படாத உயிர் காக்கப்படுவதில்லை என்பதே அம்மையாரின் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடம்.