நுளம்பின் வயிற்றில் விடை கண்டவர்: சேர் றொனால்ட் றோஸ்

வன்னி நிலத்தின் வளம் பாடுவோர் அதன் குளங்களையும் வயல்களையும் காடுகளையும் பாடுவர். அக்குளக்கரைகளில் வாழ்ந்த குழந்தைகளின் வயிற்றைப் பாடியவர் எவருமிலர். இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கிப் புடைத்து, கைகால் மெலிந்து, முகம் வெளிறிய பிள்ளைகள் முன்னாளில் இப்பகுதியின் ஊர்தோறும் இருந்தனர். குளிர்காய்ச்சல் என்றும் காட்டுக்காய்ச்சல் என்றும் வழங்கிய மலேரியாவின் அடையாளம் அது. நம்மவர் அதனை ஊழென்றும் நீரின் கோளாறென்றும் கொண்டனர். மேனாட்டார் தாமும் தீய காற்றே காரணமென நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே அதுதான். இவ்விருளை அகற்றியவரின் வரலாற்றை இம்மலரில் கூறுவது பொருந்துமெனக் கருதுகிறேன்.

றொனால்ட் றோஸ் 1857 மே 13 இல் இமயச் சாரலில் உள்ள அல்மோறாவிற் பிறந்தார். தந்தையார் இந்தியப் படையில் அதிகாரி. எட்டாம் வயதிற் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட சிறுவனின் உள்ளம் ஓவியத்திலும் இசையிலும் கவிதையிலும் தோய்ந்திருந்தது. தந்தையாரோ மகன் வைத்தியனாதல் வேண்டுமென்றார். விருப்பின்றிக் கற்ற மாணவன் சிறப்பாகத் தேறினான் என்று எழுத வழியில்லை. ஒருவாறு தேறி, 1881 இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். வேலை சிறிது, ஓய்வு பெரிது. கவிதையும் கணிதமுமாகக் காலம் கழிந்தது.

1883 இல் பெங்களூரில் அவர் தங்கிய வீட்டில் நுளம்புத் தொல்லை மிகுந்தது. காரணத்தைத் தேடியவர், சன்னலருகே இருந்த நீர்த்தொட்டியிற் குடம்பிகள் நெளிவதைக் கண்டார். நீரைக் கவிழ்த்தார், நுளம்பு குறைந்தது. ஏனைய தொட்டிகளையும் இவ்வாறு செய்யலாமே என்று படை அதிகாரியிடம் கூறியபோது அவர் இணங்கவில்லை. அக்கவிழ்த்த தொட்டியின் பொருள் றோசுக்கே அன்று முற்றும் விளங்கியிருக்க இயலாது.

அல்ஜீரியாவிற் பணியாற்றிய லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1880 இல் மலேரியா நோயாளரின் குருதியில் ஒட்டுண்ணிகளைக் கண்டிருந்தார். விடுமுறையில் இலண்டன் சென்ற றோசுக்கு 1894 இல் அவற்றை நுணுக்குக்காட்டியிற் காட்டியவர் பற்றிக் மான்சன். யானைக்கால் நோயின் புழு நுளம்பினுள் வளர்வதை முன்னரே கண்டவர் அவர். மலேரியாவும் அவ்வாறே என ஊகித்தார். ஆயினும் நுளம்பு மடிந்த நீரைக் குடிப்பதால் நோய் வருமென்று எண்ணினார். ஆசிரியரின் ஊகத்திற் பாதி சரி, பாதி பிழை. அப்பிழையைப் பிரித்தெடுக்க மாணவருக்கு ஆண்டுகள் சென்றன.

1895 இல் செக்கந்தராபாத்துக்கு மீண்ட றோஸ், காய்ச்சற்காரரை வலையினுள் படுக்கவைத்து நுளம்புகளைக் கடிக்கவிட்டு, பின் அவற்றைக் கீறிப் பார்த்தார். நூற்றுக்கணக்கில் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவர் வளர்த்தவை சாம்பல்நிற நுளம்பும், உடலில் வெள்ளை வரியுடைய நுளம்பும். இவை மலேரியாவைத் தாங்கா என்பதை அவர் அறியார். 1897 இல் நீலகிரிக்குச் சென்று சீகூர்ப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தபோது அவரையே மலேரியா பற்றியது. ஆயினும் இறகிற் புள்ளிகளோடு, உடலைச் சரித்து உட்காரும் வேறொரு நுளம்பை அங்கு கண்டார்.

அவ்வாண்டு ஆகத்து மாதக் கோடை செக்கந்தராபாத்தில் எரித்தது. வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருவேறின. விசிறி வீசினால் கீறிய நுளம்பு பறந்துவிடும் என்று விசிறியும் இன்றி இருந்தார். ஆகத்து 16 இல் உசேன்கான் என்னும் நோயாளியைப் புள்ளியிறகு நுளம்புகள் பத்துக் கடித்தன. ஒரு கடிக்கு ஓரணா கூலி. நான்காம் நாளாகிய ஆகத்து 20 இல் அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரிலே, மலேரியாவின் கருநிறத் துகள் செறிந்த கலங்களைக் கண்டார். உலக நுளம்பு நாளாக இன்றும் நினைக்கப்படுவது அந்நாளே. உசேன்கானை நினைப்பார் சிலரே. பத்தணாவுக்குத் தன் காய்ச்சற் குருதியை அளித்த அம்மனிதரின்றி அந்நாள் ஏது?

வெற்றியின் கையோடு இடமாற்றம் வந்தது. இராசபுத்தானத்திற் சில மாதம் வீணாயின. 1898 இல் கல்கத்தாவில் மனித நோயாளர் கிடைப்பது அரிதாகவே, பறவைகளின் மலேரியாவைக் கைக்கொண்டார். சூலை மாதத்தில் ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டு, நுளம்பு கடித்த நலமுள்ள சிட்டுக்குருவிகள் நோயுறுவதையும் நிறுவினார். குடிநீரன்று, கடியே வழியென்பது தெளிவாயிற்று. மனிதரில் இதனை நிறுவியவர் கிறாசியும் அவர்தம் இத்தாலியத் தோழரும். 1902 இல் நோபெற் பரிசு றோசுக்கு மட்டும் கிடைத்தது. கிறாசியோடு அவர் நடத்திய பூசல் நெடுங்காலம் நீடித்தது. இவ்விடத்தில் நம் பெரியாரைப் புகழ எனக்கு மனமில்லை.

அவரது பிற்காலப் பணியே நம் குழந்தைகளுக்கு நெருக்கமானது. மொரீசியசில் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் பிள்ளைகளின் மண்ணீரலைத் தடவி எண்ணி, ஓரூரின் நோயளவைக் கணித்தார். வளர்ந்தோரைவிடப் பிள்ளைகளை எண்ணுவது ஏன்? மலேரியா நிலைத்த ஊரிற் பலமுறை நோயுற்றுப் பிழைத்தவர் ஓரளவு நிர்ப்பீடனம் பெறுவர். பெறுமுன் மடிவோர் குழந்தைகள். வன்னியான் காய்ச்சலுக்கு அஞ்சான் என்று பெருமை பேசுவோர் இதனை எண்ணுவதில்லை. 1910 இல் வெளிவந்த தம் நூலில், நுளம்பை முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை, ஓரெல்லைக்குக் கீழ்க் குறைத்தாலே நோய் அவியுமெனக் கணிதத்தால் காட்டினார்.

1932 செத்தெம்பர் 16 இல் றோஸ் காலமானார். இரண்டாண்டிற் பெருவறட்சியால் இலங்கையின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாக, 1934, 1935 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் எழுந்தது. நிர்ப்பீடனம் குறைந்த தென்மேற்குப் பகுதி பேரழிவுற்றது. 1946 இல் டி.டி.ரி. வந்தது, 1963 இல் நாடு முழுவதும் பதினேழு நோயாளரே. பின் மீண்டும் பெருகியது. 1990களில் நான் மாணவனாயிருந்தபோது வகுப்பிலே நடுங்கி, குளோரோகுயின் கசப்பை நாவிற் சுமந்தவர்களுள் நானும் ஒருவன். உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 இல் காணப்பட்டார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

ஆயின் றோசை ஏமாற்றிய வரியுடல் நுளம்பு நம்மை விடவில்லை. டெங்கு வைரசைச் சுமப்பது அவ்வினமே. இவ்வைரசு நான்கு வகை. ஒன்றுக்குப் பெற்ற நிர்ப்பீடனம் மற்றையவற்றுக்கு நிலைத்து நில்லாது, இரண்டாந் தொற்றுச் சிலவேளை கொடிதாகும். அது முட்டையிடும் இடம் காடுமன்று, ஆறுமன்று. மாரி தொடங்கும் ஐப்பசியில் எம் மாணவர் பாடசாலை வளவிற் சிரட்டையும் பழைய ரயரும் பொறுக்கி நீரைக் கவிழ்க்கின்றனர். 1883 இல் பெங்களூரிற் கவிழ்ந்த தொட்டியின் கதையை அப்போதுதான் அவர்களுக்குச் சொல்வது என் வழக்கம்.