ஜான் பனியன்

பெருநூல்கள் பல அரசவைகளிலும் கலாசாலைகளிலும் தோன்றின. ஆயின், கலாசாலை வாயிலை மிதித்தறியாத கன்னார் ஒருவர் சிறையிலிருந்து எழுதத் தொடங்கிய கதையொன்று 200-க்கு மேற்பட்ட மொழிகளிற் சென்று, மனமுடைந்தோர் பலரைத் தேற்றியுள்ளது. அதனை இயற்றிய ஜான் பனியனுடைய சரிதத்தைச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1628-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பெட்போர்டு நகருக்கு அணித்தாயுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடுதல் தந்தையாரின் தொழில். மைந்தரும் அதனையே மேற்கொண்டார். எழுத்தும் வாசிப்பும் கற்ற அளவில் பள்ளிப் படிப்பு முடிந்தது. 1644-ம் ஆண்டில் அன்னையார் இறந்தார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் தங்கையும் இறந்தாள். அவ்வாண்டிலேயே பார்லிமெண்டுச் சேனையிற் சேர்ந்த பனியன், 1647-ல் ஊர் திரும்பினார்.

பின்னர் வறிய பெண்ணொருத்தியை மணந்தார். அவ்வம்மை கொணர்ந்த சீதனம் இரண்டு பக்தி நூல்களே. அவற்றைக் கற்குந்தோறும் தம் குற்றங்கள் பெருகித் தோன்ற, தமக்குக் கதியில்லையென்று பல்லாண்டு கலங்கினார். ஒரு நாள் தொழில் நிமித்தமாகப் பெட்போர்டு நகருக்குச் சென்றவர், வாயிற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏழை மாதர் சிலர் தம் ஆத்தும அநுபவங்களை மகிழ்வுடன் பேசிக்கொண்டிருக்கக் கேட்டார். அவர் மனம் தெளியத் தொடங்கியது அன்றுதான். பேரறிஞர் உபதேசத்தினும் எளியோர் தம் வாழ்வைக் கதைபோலப் பகர்ந்தமை அவருக்கு மருந்தாயிற்று என்பது கருதத்தக்கது.

1658-ல் நான்கு மக்களை விட்டு மனைவியார் இறந்தார். மூத்த மகள் மேரி பிறவிக் குருடு. மறு வருஷம் எலிசபெத்து என்பவர் அம்மக்களுக்குச் சிற்றன்னையாய் வந்தார். 1660-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அரசாங்கச் சபைக்குப் புறம்பாகப் பிரசங்கித்த குற்றத்திற்காகப் பனியன் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கியேன் என்று ஒப்பின் விடுதலை கிட்டும், அவர் ஒப்பவில்லை. எலிசபெத்து நீதிபதிகள்முன் நின்று மன்றாடியும் பயனில்லை. 12 ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. நாடாக்களின் நுனியிற் பூண் பொருத்தி, அவ்வருவாயால் குடும்பத்துக்கு உதவினார். தம் மனச்சாட்சிக்காக மனைவி மக்கள் பசித்தல் நீதியோ என்னும் கேள்வி அவரை வாட்டாமலில்லை. குருட்டு மகளின் நினைவே எல்லாவற்றினும் மிக்க வேதனை தந்ததென அவரே எழுதிவைத்தார். அம்மகளும் தந்தை சிறையிலிருந்த காலத்திலேயே இறந்தாள். அவர் கலங்காத வீரரல்லர். கலங்கியும் நிலைதவறாதவர் என்பதே நம் துணிபு.

இத்துயரே கதையாக மலர்ந்தது. கதையிற் கிறிஸ்தியான் என்னும் யாத்திரிகன் முதுகிற் சுமையுடன் புறப்பட்டு, நம்பிக்கையிழவு என்னும் உளையில் அமிழ்கின்றான்; உதவி என்பவன் கைகொடுத்துக் கரையேற்றுகின்றான். பின்னர் விரக்தி என்னும் அரக்கன் அவனையும் தோழனையும் சந்தேகக் கோட்டையில் அடைத்து, நையப் புடைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டுகின்றான். நம்பிக்கை என்னும் தோழனோ முன்பு கடந்த இடர்களை ஒவ்வொன்றாக நினைப்பூட்டித் தடுக்கின்றான். இருவரும் நள்ளிரவு தொடங்கிப் பிரார்த்திக்க, விடியுமுன், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு ஞாபகம் வருகின்றது. அதனாற் பூட்டுகள் திறக்கின்றன. பெயரற்ற அச்சத்துக்குப் பெயரும் உருவமும் கொடுத்தலால், அதனை எதிர்க்கும் வழியும் புலனாகின்றதன்றோ!

பனியன் 1672-ல் விடுதலை பெற்றுப் பெட்போர்டுச் சபையின் போதகரானார். சிலகாலத்துக்குப்பின் மீண்டும் சில மாதம் சிறையிலிருந்தார். கதையின் முதற்பாகம் 1678-லும், இரண்டாம் பாகம் 1684-லும் வெளிவந்தன. 1688-ல், பகைத்திருந்த தந்தையையும் மகனையும் ஒப்புரவாக்கச் சென்று, மழையில் நனைந்து குதிரையிற் பயணஞ்செய்தமையாற் காய்ச்சலுற்று, லண்டனில் ஆகஸ்டு 31-ம் நாள் காலமானார். திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த எச். ஏ. கிருட்டிண பிள்ளையவர்கள் அக்கதையைத் தழுவி 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தை வெளியிட்டமை நம்மவர் அறிந்ததே.

பரீட்சையிற் தவறியோரும், பெற்றோரை இழந்தோரும், வறுமையால் வாடுவோரும் நம்முள் உளர். அவர் அருகிலிருந்து, கடந்துவந்த வழியை நினைப்பூட்டுதல் நம் அனைவர்க்கும் இயல்வதே. உளையிற் கைகொடுக்கும் அத்தோழராக நாமும் இருப்போமாக.